பஞ்சாரத்துக்குள் அரசாங்கம்

1871-இல் வெள்ளைக்காரன் கால்நடை அத்துமீறல் சட்டம் ஒன்று போட்டான். அடுத்தவன் வெள்ளாமையில் வாய்வைக்கும் உருப்படிகளைப் பிடித்துப் பவுண்டில் அடைப்பதற்கான சட்டம். எவையெல்லாம் கால்நடை என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. யானை இருக்கிறது. ஒட்டகம் இருக்கிறது. குதிரை, கோவேறு கழுதை, வெறுங்கழுதை, பன்றி, செம்மறி, வெள்ளாடு, அதன் குட்டி எல்லாம் இருக்கின்றன. கோழி மட்டும் இல்லை. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவிலுள்ள கரிசக்காட்டில் கம்பங்கதிரை யானை தின்றதாகவோ, உளுந்தை ஒட்டகம் மேய்ந்ததாகவோ யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கோழி கிண்டாத விதைப்பு மட்டும் கிடையவே கிடையாது. ஆனாலும் கோழி தப்பித்துக்கொண்டது. அடுத்த வீட்டுக்காரியின் வசவோடு வழக்கு முடிந்துவிடும் என்று துரைக்குத் தெரிந்திருக்கும் போலும்.

நம்மவர்கள் அப்படி விடுவார்களா? 1939-இல், இராஜாஜி மந்திரிசபை காலத்தில், சென்னை மாகாணத்துக்குப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. காலராவும் அம்மையும் ஊரைக் காலிசெய்த காலம். சட்டம் தேவைதான், அதில் தகராறு இல்லை. இன்றும் அதுதான் நடப்பில் இருக்கிறது. அதில் தொல்லைகளின் பட்டியல் வரும் இடத்தில், உடல்நலத்துக்குக் கேடாகவோ தொல்லையாகவோ ஆகும் இடத்தில் அல்லது முறையில் வைக்கப்பட்ட எந்தப் பிராணியும் தொல்லையே என்று ஒரு வரி. 1936-ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டத்திலும் அச்சடித்தாற்போல் இதே வரிதான். நசநசவென்று மழை பெய்கிற சீமையில், கூரை ஒழுகும் கொட்டகையில் பன்றி வளர்த்தவனைப் பிடிக்க எழுதிய வாசகம் கப்பலேறி வந்து, வானம் பார்த்த பூமியில் குப்பைமேடு கிளறும் சிறுவிடைக் கோழியின் காலில் கயிறாக விழுந்தது.

எத்தனை கோழி? எவ்வளவு தூரம்? சேவல் எத்தனை மணிக்குக் கூவலாம்? அந்த வரி எதுவும் சொல்லாது. அளவு சொல்லாத சட்டம், அளக்கிறவன் கைக்கு ஏற்றபடி நீளும்.

ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்வோம். அருப்புக்கோட்டையில் நெசவாளர் தெரு. பகலெல்லாம் தறிச் சத்தம். விசைத்தறி வந்தபின் ராத்திரியும் சேர்ந்துகொண்டது. அந்தச் சத்தத்தில் பிள்ளை பெற்று, அந்தச் சத்தத்தில் தூங்கி, அந்தச் சத்தத்திலேயே செத்துப்போன தெரு. அங்கே வெளியூர்ச் சம்பாத்தியத்தில் ஒருவர் டைல்ஸ் ஒட்டிய மாடிவீடு கட்டிக் குடிவருகிறார். தறிச் சத்தம் அவருக்குத் தொழில். லாரி ஹாரன் அவருக்கு வளர்ச்சி. அரசியல் கட்சியின் கூம்பு ஒலிபெருக்கி ஜனநாயகம். விடியக்காலை நாலரைக்குப் பக்கத்து ஓட்டுவீட்டுச் சேவல் கூவினால் மட்டும் ஒலி மாசு! மனு எழுதுகிறார். சுகாதார ஆய்வாளர் வருகிறார். வரும் வழியில் திறந்த சாக்கடையைத் தாண்டித்தான் வருகிறார். அது அவர் கண்ணில் படுவதில்லை, ஏனென்றால் அது நகராட்சியுடையது. வல்லநாட்டிலிருந்து குழாயில் கிளம்பிவரும் தாமிரபரணித் தண்ணீர் என்றைக்கு வரும் என்று காலிக்குடங்களோடு நிற்கும் பெண்களைத் தாண்டி வருகிறார். அதுவும் தொல்லைப் பட்டியலில் இல்லை. கோழி அடைக்கும் பஞ்சாரத்துக்கு முன்னால் வந்து நின்றதும்தான் அவருக்குச் சட்டம் ஞாபகம் வருகிறது.

"ஏம்மா, கோழி வளக்க பெர்மிஷன் வாங்கிருக்கியா?"

"கோழிய அரசாங்கந்தானய்யா குடுத்துச்சு!"

அவள் சொல்வது கதையல்ல. எடப்பாடி பழனிசாமி ஆட்சியில் 77,000 ஏழைப் பெண்களுக்கு ஆளுக்கு 50 நாட்டுக்கோழிக் குஞ்சு என்று 50 கோடி ரூபாய்க்குத் திட்டம் போட்டார்கள். ஆட்சி மாறியது, குஞ்சும் மாறியது. இப்போது ஐம்பது நாற்பதாகி, இலவசம் பாதி மானியமாகிவிட்டது. கைம்பெண், கணவன் கைவிட்டவள், ஆதரவற்றவள், மாற்றுத்திறனாளி, இவர்களுக்குத்தான் முதலிடம். நல்ல எண்ணம். அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். முதலில் அவள் கைக்காசு 3,200 ரூபாய் போட்டு நான்கு வாரக் குஞ்சு நாற்பது வாங்க வேண்டும். ரசீதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பாதிப் பணம் வங்கிக் கணக்குக்கு வரும். கையில் 3,200 ரூபாய் ரொக்கமாக வைத்திருக்கும் ஆதரவற்ற பெண்ணை நரிக்குடிப் பக்கம் எங்கே போய்த் தேடுவது? கந்துவட்டிக்காரனைக் கேட்டால் காட்டுவான். அவனிடம்தான் பட்டியல் இருக்கிறது.

அப்புறம் சான்றிதழ். புருஷன் செத்ததற்கு ஒன்று. விட்டுவிட்டுப் போயிருந்தால் போனதற்கு ஒன்று. ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல். ஏற்கெனவே அரசாங்கத்தின் விலையில்லா ஆடோ மாடோ வாங்கியவளாக இருக்கக் கூடாது. ஓடிப்போனவன் எந்த ஊரில் எவளோடு இருக்கிறான் என்று ஊருக்கே தெரியும். ஓடிப்போனான் என்பதைக் கிராம நிர்வாக அலுவலருக்கு மட்டும் நிரூபிக்க வேண்டும். நாற்பது குஞ்சுக்காகத் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய அவமானத்துக்கு அலுவலக முத்திரை வாங்கிவர வேண்டும் என்று விதி எழுதிய கை, ஒருமுறையாவது கூசியிருக்குமா?

கொஞ்சம் வசதியான வீட்டுக்கு இன்னொரு திட்டம். 250 கோழி கொண்ட பண்ணை. அதற்கு 625 சதுர அடி சொந்த நிலம் வேண்டும், அதுவும் குடியிருப்பை விட்டு விலகி. நிலம் இருக்கிறவனுக்குப் பண்ணை, இல்லாதவளுக்குப் பஞ்சாரம். குடியிருப்பைவிட்டு விலக அவளுக்கு இடமே இல்லை என்பதால் பக்கத்து மாடிவீட்டுக்காரர் மூக்கைப் பொத்துகிறார். ஒரு துறை கோழியைக் கொடுக்கிறது, இன்னொரு துறை கோழிக்கு நோட்டீஸ் கொடுக்கிறது. இரண்டு துறைக்கும் மாவட்ட ஆட்சியர் ஒருவரே. இரண்டு கோப்பும் அவர் மேஜையில்தான் படுத்திருக்கின்றன, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதில்லை.

இதெல்லாம் சில்லறை. இந்த மண்ணின் கோழியோடு அரசாங்கம் நேருக்கு நேர் மோதிய ஒரு வருஷம் உண்டு. அதை அவ்வளவு சீக்கிரம் மறந்துவிட முடியாது.

1950-இல் சென்னை மாநிலத்தில் விலங்குகள், பறவைகள் பலித் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. கோயிலில், கோயில் சுற்றுப்புறத்தில், வழிபாட்டோடு சேர்ந்த கூட்டத்தில், ஊர்வலத்தில் எந்த விலங்கையும் பறவையையும் பலி கொடுக்கக் கூடாது. எழுதி, அச்சடித்து, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். 53 வருஷம் அது தூங்கியது. கருப்பசாமிக்குச் சேவல் அறுபட்டது, காளியம்மனுக்குக் கிடா விழுந்தது, காங்கிரஸ் வந்தது, போனது, தி.மு.க. வந்தது, அருப்புக்கோட்டை எம்.ஜி.ஆரை 1977-இல் கோட்டைக்கு அனுப்பி முதலமைச்சராக்கியது. எந்த முதலமைச்சரும் ஊர்க்கோயில் சேவலின் கழுத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

2003 ஆகஸ்ட் கடைசியில் ஜெயலலிதாவுக்கு அது ஞாபகம் வந்தது. சட்டத்தைக் கறாராக அமல்படுத்தும்படி மாவட்ட ஆட்சியர்களுக்கு உத்தரவு பறந்தது. கோயில் வாசலில் போலீஸ். இங்கேதான் இந்தச் சட்டத்தின் முழு அழகும் தெரியும். கறிக்கடையில் நூறு கோழியைத் தலைகீழாகப் புனலில் சொருகி அறுக்கலாம், அது வியாபாரம். கலியாண மண்டபத்துப் பின்கட்டில் ஐந்நூறு கோழி அறுக்கலாம், அது விருந்து. வருஷத்துக்கு ஒருமுறை, நேர்ந்துவிட்ட ஒரே ஒரு சேவலை, பிள்ளைக்கு மஞ்சள்காமாலை தெளிந்ததற்காக, புளியமரத்தடியில் நிற்கும் கல்லுக்கு முன்னால் அறுத்துப் பங்கு போட்டுத் தின்றால் குற்றம். கோழியின் உயிர் மீதான கருணையாக இருந்தால் கறிக்கடைக்கும் சேர்த்தல்லவா பூட்டுப் போட்டிருக்க வேண்டும்? கோழி சாவது பிரச்சினையில்லை. சாமியைச் சாட்சி வைத்துச் சாவதுதான் பிரச்சினை. அதுவும் எந்தச் சாமி? பொங்கலும் புளியோதரையும் சாப்பிடும் சாமிக்கு ஒரு உத்தரவும் இல்லை. கள்ளும் சுருட்டும் கவிச்சியும் கேட்கும் சாமிதான் திருந்த வேண்டியிருந்தது. இன்னார் வீட்டுக் கடவுள் நாகரிகம், இன்னார் வீட்டுக் கடவுள் காட்டுமிராண்டி என்று தலைமைச் செயலகம் தரம்பிரித்து முத்திரை குத்தியது. அந்த ஆணவத்தைக் கருணை என்று வேறு சொல்லிக்கொண்டார்கள்!

திருச்சுழி பூமிநாதர், அதாவது திருமேனிநாதர் கோயிலுக்கு ஒரு சிரமமும் வரவில்லை. அவர் சைவம். பக்கத்துக் கண்மாய்க்கரை முனியாண்டிதான் பட்டினி.

பட்டினி போட்டவர்களுக்கு ஒரு கணக்குத் தப்பியது. கருப்பசாமிக்கு வாக்கு இல்லை, கும்பிடுகிறவனுக்கு உண்டு. மக்களவைத் தேர்தல் நெருங்கியதும் 2004 பிப்ரவரியில் அவசரச் சட்டம் கொண்டுவந்து பலித் தடைச் சட்டத்தையே நீக்கினார்கள். 53 வருஷம் தூங்கிய சட்டம், விழித்து ஆறு மாதம்கூட உயிரோடு இருக்கவில்லை. ஆகஸ்டில் பாவமாக இருந்தது பிப்ரவரியில் பண்பாடாகிவிட்டது. மே மாதம் வாக்கு எண்ணியபோது ஆளுங்கட்சிக் கூட்டணிக்குத் தமிழ்நாட்டில் 39, புதுவையில் 1, ஆக 40-இல் ஒன்றுகூடத் தேறவில்லை. சேவல் மட்டுமா காரணம்? இல்லை, அரசு ஊழியர், விவசாயி, ரேஷன் கார்டு என்று வரிசை நீளம். ஆனால் எங்கள் பக்கம் இன்றைக்கும் சில பெரியாம்பளைகள் அந்த நாற்பதில் கருப்பனுக்கும் ஒரு பங்கு உண்டு என்று அடித்துச் சொல்வார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை.

கோயில் வாசலைவிட்டுச் சட்டம் போய்விட்டது என்று நிம்மதியாக இருக்க முடியாது. அடுப்படிக்கு அது முன்பே வந்துவிட்டது. மிருகவதைத் தடைச் சட்டத்தின் கீழ் 2001-இல் வந்த இறைச்சிக்கூட விதிகள், நகராட்சி எல்லைக்குள் அங்கீகாரமோ உரிமமோ பெற்ற கூடத்தில் தவிர வேறெங்கும் உணவுக்காக எந்த விலங்கையும் அறுக்கக் கூடாது என்கின்றன. எழுத்தெண்ணிப் படித்தால், மருமகன் வந்திருக்கிறான் என்று அருப்புக்கோட்டைக் கொல்லையில் ஒரு விடைக்கோழியை அறுக்கும் மாமியார் குற்றவாளி. கோழி விலங்கா என்று கேட்பீர்கள். கேட்டார்கள். 2023-இல் குஜராத் உயர்நீதிமன்றத்தில், கோழிக்கடைகளை மூடிய வழக்கில், கோழி விலங்கா பறவையா என்று மெத்தப் படித்தவர்கள் வாதாடினார்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி விலங்குதான் என்றது அரசுத் தரப்பு. 'நான் யார்' என்று தன்னையே கேட்டுக்கொள்ளச் சொன்ன ரமணர் 1879-இல் பிறந்தது திருச்சுழியில். அந்த ஊர்க் கோழிக்கும் இப்போது அந்தக் கேள்வி வந்துவிட்டது. பதில் சொல்ல அரசு வழக்கறிஞர் இருக்கிறார்.

பஸ்ஸில் ஏறினால் கோழி பயணி ஆகிவிடும் என்பது தனிக்கதை. 2022-இல் தெலங்கானா அரசுப் பேருந்தில் ஒரு சேவலுக்கு நடத்துநர் 30 ரூபாய் டிக்கெட் கிழித்தார். உட்கார இடம் கொடுத்தாரா என்று தெரியவில்லை.

இப்படி ஒற்றைக் கோழியை விலங்கு, பறவை, பயணி, தொல்லை, பயனாளி என்று ஆளுக்கொரு பெயர் சூட்டித் துரத்துகிற அதே அரசாங்கம், லட்சம் கோழிக்கு முன்னால் எப்படி நின்றது? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2015 வழிகாட்டுதலில், ஒரு லட்சம் கோழிக்குக் கீழே இருந்தால் காற்று, நீர்ச் சட்டங்களின் இசைவு வாங்குவதிலிருந்து விலக்கு. தொண்ணூற்றொன்பதாயிரம் கோழியின் எச்சமும் ஈயும் அம்மோனியா நெடியும் ஊரையே தூக்கினாலும் அது சிறுதொழில். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020-இல் காதைத் திருகிய பிறகுதான், 2021-இல் அந்த எல்லையை 5,000 கோழிக்கு இறக்கினார்கள். 1939 சட்டத்தின் தொல்லை வரி பண்ணைக்கும் பொருந்தும்தான். பண்ணை முதலாளி வீட்டு வாசலில் நோட்டீஸோடு போய் நிற்கும் சுகாதார ஆய்வாளரைத்தான் காணோம். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள்; அதிகாரம் மிதித்தால் சாகும்.

முட்டைக்கூண்டுக் கோழிக்கு எவ்வளவு இடம் தர வேண்டும் என்று மத்திய அரசு 2019-இல் ஒரு வரைவு விதி எழுதியது. தலைக்கு 550 சதுர சென்டிமீட்டர். நீங்கள் மனு எழுதும் ஏ4 தாளின் பரப்பு 620-க்கும் மேல். மனுவுக்குக் கிடைக்கும் இடம்கூடக் கோழிக்குக் கிடையாது. அதையும் சீர்திருத்தம் என்றே சொன்னார்கள். காலையில் திறந்துவிட்டால் கருவேலங்காடெல்லாம் சுற்றிக் கரையானும் புழுவும் பொறுக்கிவிட்டு, பொழுதடையத் தானாக வந்து பஞ்சாரத்துக்குள் நுழையும் கோழிதான் இவர்களுக்கு முறைப்படுத்தப்பட வேண்டிய கோழி.

அந்தக் கோழி இடும் முட்டை எங்கே போகிறது? அதே ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகாது. சத்துணவில் 2010 முதல் வாரம் ஐந்து முட்டை. நாட்டுக்கே முன்மாதிரி, மறுக்கவில்லை. ஆனால் ஒப்பந்தம் மொத்தமாகச் சென்னையில் முடிகிறது, முட்டை நாமக்கல்லிலிருந்து லாரியில் வருகிறது. அக்மார்க் நடுத்தர முட்டையின் எடை 45 கிராமில்தான் தொடங்குகிறது. சிறுவிடைக் கோழி முட்டை அந்தத் தராசில் ஏறாது. ஆக, காரியாபட்டிப் பக்கத்துப் பிள்ளை தன் அம்மா வளர்க்கும் கோழியின் முட்டையைப் பள்ளிக்கூடத்தில் சாப்பிட முடியாது. இருநூறு கிலோமீட்டர் குலுங்கிவந்த முட்டையைத்தான் சாப்பிடலாம். தாயிடம் கோழி கொடுத்து, பிள்ளைக்கு முட்டை கொடுத்து, இரண்டும் சந்தித்துக்கொள்ளாமல் நடுவில் ஒரு டெண்டரை நிறுத்தியிருக்கிற சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது?

2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். பறவைக் காய்ச்சல் பரவினால் வளர்ப்பவருக்கு உடனே தகவல் சொல்லத்தான் பதிவு என்கிறார்கள். நம் அதிகாரிகள் காதில் இது இன்னும் விழவில்லை போலிருக்கிறது. விழுந்தால் முதல் பாதியை மட்டும் கொண்டுவருவார்கள். சேவலுக்கு ஆதார், பெட்டைக்கு ஓ.டி.பி.; தகவல் சொல்வது மட்டும் வராது.

வராது என்று எப்படிச் சொல்கிறேன்? ஏற்கெனவே நம் கோழிக்கு ஒரு கொள்ளைநோய் உண்டு. வெள்ளைக் கழிச்சல். கோடை தொடங்கியதும் ஒரு வாரத்தில் தெருவையே துடைத்துவிடும். இருபது கோழி வைத்திருந்தவள் கையில் வெறும் பஞ்சாரம்தான் மிஞ்சும். தடுப்பு மருந்து ராணிப்பேட்டையில் நம் அரசு நிறுவனமே தயாரிக்கிறது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரண்டு வாரம் இலவச முகாம் என்று அறிவிப்பும் வருகிறது. மருந்தைக் குளிர் குறையாமல் கொண்டுவர வேண்டும். கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஒரு குப்பி நூறு கோழிக்கு. அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? முதல்நாளே ஊரில் சொல்லிவைத்து, விடியுமுன், பஞ்சாரம் திறப்பதற்குள் வந்துசேர வேண்டும். முகாம் பதினோரு மணிக்கு வருகிறது. மேளம், பேனர், போட்டோ எல்லாம் வருகின்றன. கோழிகள் கருவேலங்காட்டில் இருக்கின்றன. பிடிபட்ட நாலு கோழிக்கு ஊசி. மிச்ச மருந்து வீண். பதிவேட்டில் ஊர் முழுக்கப் போட்டாயிற்று. ஆஸ்பத்திரிக்காரர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. ஒரு கால்நடை மருத்துவர், பத்துப் பதினைந்து ஊர், ஒரு பைக்; ஆளே போடாமல் முகாம் போட்டால் இப்படித்தான்.

இதையெல்லாம் கேட்க வேண்டிய இடம் ஊராட்சி. விருதுநகர் மாவட்டத்தில் 11 ஒன்றியங்கள், 450 ஊராட்சிகள். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் மூன்று வருஷத்துக்கு மேல் தேர்தலே நடத்தாமல் தனி அலுவலரை வைத்து ஓட்டினார்கள். 2019 டிசம்பரில் தேர்தல் வந்தது. அந்தப் பதவிக்காலமும் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர். ஒன்றியத்து வட்டார வளர்ச்சி அலுவலரே சராசரியாக நாற்பது ஊருக்குத் தலைவர். இரண்டு கட்சியும் மாறிமாறிச் செய்த கூத்து இது. அதில் மட்டும் அவர்களுக்குள் பேதமே கிடையாது. நிதியமைச்சரையே தந்த திருச்சுழித் தொகுதிக்கும் இதே கதிதான். உள்ளாட்சி இல்லாத ஊரில் உள்ளாட்சி விதி மட்டும் இருக்கிறது. குப்பைத்தொட்டி வேண்டுமென்றால் தலைவர் இல்லை என்பார்கள். கோழிக்கு நோட்டீஸ் என்றால் கையெழுத்துப் போட ஆள் வந்துவிடும்.

அடுத்த கிராம சபைக்கு நானே ஒரு தீர்மானம் எழுதிக் கொடுக்கிறேன். இந்த ஊராட்சியில் கழிச்சல் மருந்து மாசி பிறக்குமுன், விடியற்காலை ஐந்து மணிக்கு வரவேண்டும். கோழித் திட்டத்துக்குப் புருஷன் ஓடிப்போன சான்றிதழ் கேட்கக் கூடாது. மானியத்தை முன்பணமாகத் தரவேண்டும். வாரம் ஒரு நாளாவது சத்துணவு முட்டையை இந்த ஊர்ப் பெண்களிடமே வாங்க வேண்டும், 38 கிராமாக இருந்தாலும். கோழிக்கு நோட்டீஸ் கொடுக்க வருகிறவர், அதே தெருவின் சாக்கடைக்கு முதல் நோட்டீஸை எழுதித் தனி அலுவலரிடம் கொடுத்துவிட்டு, அதன் நகலோடு வரவேண்டும்.

தனி அலுவலர் வாங்கிப் படித்துப் பார்ப்பார். நல்ல மனுஷன், முகத்தில் சிரிப்புக்கூட வரும். "இது எந்தத் துறை சப்ஜெக்ட்டுன்னு தெரியலையேம்மா" என்று கடைசி வரிசையில் நிற்கிறவளிடம் சொல்லிவிட்டு, வருகைப் பதிவேட்டில் அவளைக் கையெழுத்துப் போடச் சொல்வார்.